ஆட்டுக்குடல் செரிக்கிறது, நம் குடல் செரிக்காதது ஏன்?

வாசகர் கேள்வி – பதில்

செரிமானம் பற்றி வந்த கடிதங்களைச் சேர்த்து வைத்து இந்த இதழில் மொத்தமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் ‘என்சைம்’ என்ற சொல்லோடு வந்தவை, யூடியூப் புண்ணியம். பள்ளிப் புத்தகத்தில் நொதி என்று படித்தோமே, உணவை வெட்டிச் செரிக்கவைக்கிற பொருள், அதேதான். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன், உங்கள் கேள்வி அப்படியே வரவில்லை என்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆட்டுக்குடல் குழம்பு. அதுவும் குடல், நம்முடையதும் குடல். அதைச் செரிக்கிற வயிறு தன்னைத்தானே ஏன் செரித்துக்கொள்வதில்லை? அப்பாவிடம் கேட்டால் “சாப்பிடும்போது என்ன பேச்சு” என்கிறார். — பத்தாம் வகுப்பு மாணவி, கரூர்

பதில்: அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை போலிருக்கிறது, நான் சொன்னதாகச் சொல்லிவிடாதே அம்மா.

இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பி.எச். அளவு 1.5, 2 என்று இருக்கும், அதாவது எலுமிச்சைச் சாற்றுக்குச் சமமான புளிப்பு, சில நேரம் அதைவிடக் கடுமை. புரதத்தை வெட்டுகிற பெப்சின் என்ற நொதிக்கு இந்தப் புளிப்பு இருந்தால்தான் வேலை ஓடும். ஆனால் இரைப்பைச் சுவரில் இருக்கிற செல்கள் பெப்சினைப் பெப்சினாகவே தயாரிப்பதில்லை. பெப்சினோஜன் என்ற பெயரில், வெட்டத் தெரியாத நிலையில் தயாரித்து வெளியே விட்டுவிடுகின்றன. அது அமிலத்தில் விழுந்த பிறகுதான் அதன் முனையில் மறைத்துக்கொண்டிருக்கிற ஒரு துண்டு கழன்று, வெட்டும் பகுதி திறக்கிறது. தயாரிக்கிற செல்லுக்குள் இருக்கும்வரை அது சாது.

சரி, வெளியே வந்த பிறகு? உள்சுவர் முழுக்கக் கெட்டியான சளிப்படலம், அதற்குள் அமிலத்தைத் தணிக்கிற பைகார்பனேட். ஒரு மில்லிமீட்டர்கூட வராத அந்தப் படலத்தின் மேல்பக்கம் கடும் அமிலம், செல்லைத் தொடுகிற பக்கம் கிட்டத்தட்ட நடுநிலை. பெப்சின் அங்கே எட்டிப் பார்த்தாலும் புளிப்பு இல்லாததால் ஒன்றும் செய்ய முடியாது. இத்தனையையும் மீறிச் சேதமாகிற மேல்வரிசைச் செல்கள் உதிர்ந்து, சில நாட்களுக்கொரு முறை புது வரிசை வந்துவிடுகிறது.

உன் தட்டில் இருந்த குடலுக்கு இதெல்லாம் எங்கே? சளி சுரக்க உயிர் இல்லை, செல்லைப் புதுப்பிக்க ஆளில்லை, போதாததற்குக் குக்கரில் வேகவைத்ததில் புரதத்தின் மடிப்பெல்லாம் அவிழ்ந்து, வெட்டுவதற்கு வாகாகக் கிடக்கிறது. உயிர்தான் வித்தியாசம் என்பதை ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் 1772-லேயே எழுதிவைத்தார்: இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்க்கையில் சிலருக்கு இரைப்பை தன்னைத்தானே செரித்து ஓட்டையாகிக் கிடந்ததை அவர் கண்டிருக்கிறார்.

உயிரோடு இருக்கும்போதே இந்தப் படலம் ஓரிடத்தில் தோற்றால் அதுதான் அல்சர். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா இதில் கெட்டிக்காரன். யூரியேஸ் என்று ஒரு நொதியை வைத்துக்கொண்டு யூரியாவிலிருந்து அமோனியா தயாரித்து, தன்னைச் சுற்றி அமிலத்தைத் தணித்துக்கொண்டு, அந்தச் சளிக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். நம்ப மறுத்தவர்களுக்காக ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியை வளர்த்துத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் பரிசும் வாங்கினார். நீ எதையும் குடித்துப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: “நொறுங்கத் தின்றால் நூறு வயது” என்று தாத்தா நச்சரிக்கிறார். வாயில் உண்மையிலேயே செரிமானம் நடக்கிறதா, இல்லை சும்மா அரைப்பதுதானா? — கல்லூரி மாணவர், விருதுநகர்

பதில்: நடக்கிறது. உமிழ்நீரில் அமிலேஸ் என்ற நொதி இருக்கிறது, மாவுச்சத்தின் நீளச் சங்கிலியை அறுத்து மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக்கும். வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து, குழம்பு எதுவும் தொடாமல், விழுங்காமல் ஒரு நிமிடம் மென்றுகொண்டே இருந்தால் லேசாக இனிக்கும்.

நாக்கை நம்பாதவர் என்றால் இதைச் செய்து பாருங்கள். நீர்த்த கஞ்சித் தண்ணீரை, கை பொறுக்கும் சூடுகூட இல்லாமல் நன்றாக ஆறவைத்து, இரண்டு டம்ளரில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் எச்சிலைத் துப்பிக் கலக்கி வைத்துவிட்டு, அரைமணி நேரம் கழித்து இரண்டிலும் புண்ணுக்குப் போடுகிற பொவிடோன் அயோடின் மருந்தில் ஒரு சொட்டு விடுங்கள். எச்சில் படாத டம்ளர் கருநீலமாகும். எச்சில் பட்டது மருந்தின் பழுப்பு நிறத்திலேயே நிற்கும், அல்லது நீலம் மிகவும் மங்கலாக இருக்கும், ஏனென்றால் அயோடின் பிடித்துக்கொள்ள அங்கே மாவுச்சத்து மிச்சமில்லை. கஞ்சி கொதிக்கக் கொதிக்க இருந்தால் நொதி வெந்து செத்துவிடும், இரண்டு டம்ளரும் நீலமாகும், அப்புறம் எனக்குக் கடிதம் போடாதீர்கள். அந்த டம்ளர்களைக் கழுவுகிற வேலையும் உங்களுடையது, அம்மாவுடையது அல்ல.

வாயில் சோறு இருப்பது கொஞ்ச நேரம்தானே என்று கேட்கலாம். விழுங்கிய கவளத்தின் உள்பகுதிக்கு அமிலம் ஊறிப் போகும்வரை எச்சில் அமிலேஸ் இரைப்பையிலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அதன் பிறகு மிச்ச மாவுச்சத்தைக் கணையத்தின் அமிலேஸ் சிறுகுடலில் பார்த்துக்கொள்கிறது. அதனால் அவசரமாக விழுங்கினாலும் சோறு செரிக்காமல் போகாது. நூறு வயதுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது, ஆனால் மெல்ல மெல்ல அளவோடு சாப்பிடுவோம், புரையேறாது. தாத்தா பக்கம்தான் நான்.

கேள்வி: சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் செரிமான நீர் நீர்த்துப்போய்விடும் என்கிறார்களே? — வாசகி, திருநின்றவூர்

பதில்: குடியுங்கள். இரைப்பை ஒரே அளவு அமிலத்தை ஊற்றிவிட்டுச் சும்மா இருக்கிற பாத்திரம் இல்லை, புளிப்பு குறைந்தால் மேலும் சுரக்கும். ரசமும் மோரும் தண்ணீர் இல்லாமல் வேறென்ன?

கேள்வி: எனக்கு 42 வயது. காலையில் ஒரு சொம்பு பால் குடித்தால் வயிறு உப்பி, கடமுடவென்று சத்தம், சில நாள் பேதி. ஆனால் தயிர், மோர் எவ்வளவு சாப்பிட்டாலும் ஒன்றுமில்லை. சின்ன வயதில் இதே பால் ஒத்துக்கொண்டதே? — ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: பாலில் இருக்கிற சர்க்கரையின் பெயர் லாக்டோஸ், அதை உடைக்கிற நொதி லாக்டேஸ். சின்ன வயதில் உங்கள் சிறுகுடலில் லாக்டேஸ் நிறைய இருந்தது, இப்போது குறைந்துவிட்டது. உலகத்தில் மூன்றில் இரண்டு பெரியவர்களுக்கு இதுதான் நிலைமை. தாய்ப்பால் காலம் முடிந்தால் இந்த நொதி மெல்லக் குறைவதுதான் பாலூட்டிகளின் வழக்கம். மாடு வளர்த்துப் பால் குடித்தே வாழ்ந்த சில மக்களிடம் மட்டும் வளர்ந்த பிறகும் அது தொடருகிற மரபணு மாற்றம் பரவியது. இந்தியாவில் வடமேற்கே அது அதிகம், தெற்கே வர வரக் குறைவு. பஞ்சாபிக்காரர் பெரிய டம்ளரில் பால் குடிப்பதைப் பார்த்து நாம் போட்டி போடக் கூடாது.

லாக்டேஸ் உடைக்காத லாக்டோஸ் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து ஹைட்ரஜன் போன்ற வாயுக்களைக் கிளப்புகின்றன, நீங்கள் கேட்கிற சத்தம் அதுதான். தயிரில் உறையூற்றிய பாக்டீரியாவே லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்று புளிப்பாக்கிவிடுகிறது. அதோடு அவற்றிடம் இருக்கிற நொதி நம் குடலுக்குள் வந்தும் மிச்ச லாக்டோஸை உடைக்க உதவுகிறது.

பாலை அடியோடு விட வேண்டியதில்லை. இந்தப் பிரச்சினை உள்ளவர்களில் பலரும் ஒரு வேளைக்கு 12 கிராம் லாக்டோஸ்வரை பெரிதாகத் தொந்தரவு இல்லாமல் தாங்குகிறார்கள். 200 மில்லி டம்ளர் பாலில் சுமார் 10 கிராம் இருக்கும். ஆகவே சொம்பை விட்டுவிட்டு டம்ளருக்கு வாருங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். காபியில் விடுகிற பால் எந்தக் கணக்கிலும் வராது. ஒன்று மட்டும் கவனம்: பால் குடித்தால் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வருகிறது என்றால் அது வேறு, பால் புரதத்துக்கு ஒவ்வாமை. அதற்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது, டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: பிரியாணி சாப்பிட்ட அன்றெல்லாம் என் கணவர் மெடிக்கலில் என்சைம் சிரப் வாங்கி இரண்டு மூடி குடிக்கிறார். இப்போது தினமும் குடிக்க ஆரம்பித்துவிட்டார். நல்லதா? — வாசகி, ஆம்பூர்

பதில்: ஆம்பூரில் இருந்துகொண்டு பிரியாணியைக் குறை சொல்ல எனக்குத் தைரியமில்லை, சிரப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பாட்டிலின் பின்பக்கம் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டு பெயர் இருக்கும்: பூஞ்சை டயாஸ்டேஸ், பெப்சின். டயாஸ்டேஸ் மாவுச்சத்தை உடைப்பது. இதற்குப் பெரிய சரித்திரம் உண்டு. ஜப்பானில் சோற்றிலிருந்து சாக்கே மது காய்ச்சப் பயன்படுத்துகிற கோஜிப் பூஞ்சையிலிருந்து இந்த நொதியைப் பிரித்து, ஜோகிச்சி தகாமினே என்ற வேதியியலாளர் 1894-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். டாகா-டயாஸ்டேஸ் என்ற பெயரில் பார்க்-டேவிஸ் நிறுவனம் அதை விற்றது. நுண்ணுயிரிலிருந்து நொதி எடுத்து வியாபாரம் செய்ததில் அவர்தான் முன்னோடி. அந்த வழியில் வந்ததுதான் உங்கள் வீட்டு பாட்டில்.

ஆனால் உங்கள் கணவருக்கு நொதி குறைச்சலா என்பதுதான் கேள்வி. நல்ல கணையம் தேவைக்குப் பல மடங்கு அதிகமாகச் சுரக்கிறது. கணையத்தின் நொதிச் சுரப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கினால்தான் கொழுப்பு செரிக்காமல் மலத்தில் போக ஆரம்பிக்கும். பிரியாணிக்குப் பிறகு வரும் கனம் நொதிப் பஞ்சத்தால் வருவது அல்ல. கொழுப்பு உள்ளே போனால் இரைப்பை காலியாவதே மெதுவாகும், அதுவும் உடம்பே வேண்டுமென்று செய்கிற வேலை, சிறுகுடலில் எல்லாம் ஒரேயடியாக வந்து கொட்டாமல் இருப்பதற்காக. சில மணி நேரம் பொறுத்தால் தானாகத் தீருகிற விஷயத்துக்கு சிரப் பேர் வாங்கிக்கொள்கிறது. அந்த இனிப்பில் சர்க்கரை வேறு இருக்கலாம், நீரிழிவு இருந்தால் பாட்டிலைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

தினமும் தேவைப்படுகிறது என்றால் அதுதான் எனக்குக் கவலை. நெஞ்செரிச்சலா, எடை குறைகிறதா, மலம் வெளிறி எண்ணெய்ப் பசையோடு மிதக்கிறதா, கறுப்பாகப் போகிறதா, இவற்றில் ஒன்று இருந்தாலும் சிரப்பை மூடி வைத்துவிட்டு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். நெஞ்சில் வருவதை வாயு என்று நினைத்து சிரப் குடித்துக்கொண்டிருந்து மாரடைப்பைக் கோட்டை விட்டவர்கள் நம் ஊரில் உண்டு.

கேள்வி: மாடு புல்லைத் தின்று வாழ்கிறது. நமக்கு ஏன் முடியவில்லை? — சிறுவன், மன்னார்குடி

பதில்: புல்லில் இருக்கிற செல்லுலோஸை உடைக்கிற நொதி நமக்கும் கிடையாது, மாட்டுக்கும் கிடையாது தம்பி. மாட்டின் முதல் வயிற்றில் அதை உடைக்கிற நுண்ணுயிர்கள் கோடி கோடியாக இருக்கின்றன, மாடு அவற்றுக்குச் சோறு போட்டு வளர்க்கிறது. நாம் கீரை தின்றால் அந்த நார் நம் மலச்சிக்கலைத் தீர்த்துவிட்டுப் போகிறது, அதுவே பெரிய உபகாரம்.

கேள்வி: அம்மாவுக்கு சுகர். சாப்பாட்டுக்கு முன்னால் போட வோக்லிபோஸ் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சுகர் குறைந்திருக்கிறது, ஆனால் ஓயாமல் வாயு. பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், அந்த மாத்திரை நொதியைக் கொல்கிறதாம். நிறுத்திவிடலாமா? — மகன், பொள்ளாச்சி

பதில்: நிறுத்தாதீர்கள், கொல்லவும் இல்லை. சிறுகுடலின் உள்சுவரில் மால்ட்டேஸ், சுக்ரேஸ் என்று சில நொதிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மாவுச்சத்தும் சீனியும் கடைசியாகக் குளுக்கோஸாக உடைவது இவற்றால்தான். வோக்லிபோஸும் அதே வகை மாத்திரையான அகார்போஸும் அந்த நொதியின் வெட்டும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு வேலையைத் தாமதப்படுத்துகின்றன. சோறு சாப்பிட்டவுடன் சர்க்கரை ஒரேயடியாக எகிறுவது அதனால் மட்டுப்படும். உடையாமல் தப்பிய பங்கு பெருங்குடலுக்குப் போவதால்தான் வாயு. மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. பலருக்குச் சில வாரங்களில் குறையும், குறையாவிட்டால் அளவை மாற்றச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். இந்த மாத்திரையோடு இன்சுலினோ கிளிமெப்பிரைடு போன்ற மாத்திரையோ சேர்ந்து போகிறவர்களுக்குச் சில நேரம் சர்க்கரை தாழ்ந்துவிடும், வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, தலை சுற்றும். நாம் என்ன செய்வோம்? ஓடிப்போய் ஒரு பிடி சீனியையோ மிட்டாயையோ வாயில் போடுவோம். சீனி என்பது சுக்ரோஸ். அதை உடைக்கிற நொதியைத்தான் மாத்திரை பிடித்து வைத்திருக்கிறதே, சீனி ரத்தத்தில் ஏறத் தாமதமாகும். அம்மாவுக்குக் கொடுக்க வேண்டியது குளுக்கோஸ் பவுடர், மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கரைத்து. உடைக்க அதில் ஒன்றுமில்லை, நேரே ரத்தத்துக்குப் போகும். வாங்கும்போது அட்டையில் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸின் இன்னொரு பெயர்) என்று இருக்கிறதா பாருங்கள். ஒரு பொட்டலம் சமையலறையில், ஒன்று அம்மாவின் கைப்பையில். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கல் இருந்ததால் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். இனிமேல் எண்ணெய்ப் பலகாரமே செரிக்காதா? தீபாவளி வருகிறது. — ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், தஞ்சாவூர்

பதில்: செரிக்கும். பித்தநீரைத் தயாரிப்பது கல்லீரல். பித்தப்பை அதைச் சேர்த்து வைத்துக் கெட்டியாக்குகிற பை, அவ்வளவுதான். பித்தநீரில் செரிமான நொதி எதுவும் கிடையாது. எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த வாணலியில் சோப்பு செய்கிற வேலையைத்தான் அது குடலில் செய்கிறது, பெரிய கொழுப்புத் துளிகளைப் பொடித் துளிகளாக்கும். அந்தப் பொடித் துளிகளின் மேல் கணையத்திலிருந்து வருகிற லிப்பேஸ் என்ற கொழுப்பு வெட்டும் நொதி உட்கார்ந்து வெட்டும். பை போன பிறகு பித்தநீர் சொட்டுச் சொட்டாக எப்போதும் குடலுக்கு வந்துகொண்டே இருக்கிறது, விருந்துக்கு மொத்தமாகப் பீய்ச்ச மட்டும் ஆளில்லை. அதனால் முதல் சில மாதம் எண்ணெய் ஒரே வேளையில் அதிகமானால் வயிறு இளகலாம். அதிரசம் ஒன்று, முறுக்கு இரண்டு, அப்புறம் ஒரு இடைவெளி என்று வையுங்கள். மைசூர்பாகு என்று இங்கே எழுதவில்லை என்பதைக் கவனிக்கவும்.

கேள்வி: வயிற்றுக்குள் நடப்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? எண்டோஸ்கோபி எல்லாம் அப்போது இல்லையே? — நூலகர், புதுக்கோட்டை

பதில்: ஒரு மனிதனின் வயிற்றில் ஓட்டை விழுந்ததால். அதற்கு முன்னால் பறவையிடமிருந்து தொடங்க வேண்டும். 1752-இல் பிரான்சில் ரியூமர் என்பவர், தான் வளர்த்த பருந்துக்கு, இரு பக்கமும் கம்பிவலை போட்ட உலோகக் குழாய்க்குள் இறைச்சியை வைத்து விழுங்கக் கொடுத்தார். பருந்து செரிக்காததைக் கக்கிவிடும் என்பது அவருக்குத் தெரியும். வெளியே வந்த குழாய்க்குள் இறைச்சி கரைந்து போயிருந்தது. குழாய்க்குள் வயிற்றின் தசை நுழைந்து அரைத்திருக்க முடியாது, ஆகவே ஏதோ ஒரு நீர்தான் கரைத்திருக்க வேண்டும். இத்தாலியின் ஸ்பல்லன்சானி அதே வேலையைத் தன்மேலேயே செய்துகொண்டார், துணிப்பைக்குள் உணவை வைத்துத் தைத்து விழுங்கினார்.

இனி ஓட்டைக்காரர். 1822 ஜூன் 6-ஆம் தேதி, அமெரிக்காவின் மிச்சிகன் பகுதியில் மேக்கினாக் தீவில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடாக்காரத் தொழிலாளியின் மேல் மிக அருகிலிருந்து துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. ராணுவ மருத்துவர் வில்லியம் பியூமான்ட் பிழைக்கவைத்தார். ஆனால் காயம் விலாவுக்குக் கீழே இரைப்பையோடு ஒட்டி ஆறி, மூடாத வாயாகவே நின்றுவிட்டது. பியூமான்டுக்கு அது ஜன்னல். 1825-இலிருந்து மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், ரொட்டி என்று ஒவ்வொரு துண்டையும் பட்டு நூலில் கட்டி அந்தத் துளை வழியே உள்ளே விட்டு, நேரம் பார்த்து வெளியே இழுத்து, எது எவ்வளவு கரைந்தது என்று எழுதிவைத்தார். இரைப்பை நீரை எடுத்துக் குப்பியில் ஊற்றி, இறைச்சியைப் போட்டு, உடல் சூட்டில் வைத்தார். குப்பிக்குள்ளும் அது கரைந்தது! 1833-இல் புத்தகமாகப் போட்டார். மூன்றே ஆண்டில், 1836-இல், ஜெர்மனியில் தியோடர் ஷ்வான் அந்த நீரிலிருந்து பெப்சினை அடையாளம் கண்டார்.

பியூமான்டுக்குப் பேர் கிடைத்தது, செயின்ட் மார்ட்டினுக்குக் கிடைத்தது சொற்பக் கூலி. ஏழை, எழுதப் படிக்கத் தெரியாதவர், ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டார்கள். நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் கனடாவுக்கு ஓடியும் போனார், நான் அவர் பக்கம்தான். வயிற்றில் ஓட்டையோடு, மருத்துவர் இறந்த பிறகும் 27 ஆண்டு வாழ்ந்து 1880-இல் இறந்தார். டாக்டர்கள் உடலைக் கேட்டு வருவார்கள் என்று தெரிந்த குடும்பத்தார், உடல் நன்றாக அழுகும்வரை வீட்டிலேயே வைத்திருந்துவிட்டுத்தான் புதைத்தார்களாம்.

நொதி என்பது ஒரு புரதம் என்று நிரூபிக்க இன்னும் நாளானது. 1926-இல் ஜேம்ஸ் சம்னர் யூரியேஸைப் படிகமாக்கிக் காட்டினார், மேலே அல்சர் கிருமியிடம் பார்த்தோமே அதே நொதி, அவர் எடுத்தது ஒரு வகை அவரை விதையிலிருந்து. பதினேழு வயதில் வேட்டை விபத்தில் இடதுகையை இழந்தவர், வேதியியல் வேண்டாம் என்று தடுத்தவர்களை மீறி வந்தவர். அவருக்கு 1946-இல் நோபல்.

கேள்வி: மட்டன் வேகாவிட்டால் பப்பாளிக்காய் ஒரு துண்டு போடுவோம். அதே போல அன்னாசி சாப்பிட்டால் நாக்கு அரிப்பது ஏன்? — கேட்டரிங் நடத்துகிறவர், மதுரை

பதில்: இரண்டும் புரதத்தை வெட்டுகிற நொதிகள். பப்பாளிக்காயைக் கீறினால் வடிகிற பாலில் பப்பேன் இருக்கிறது. அந்தப் பாலுக்காகவே கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோ 2, கோ 5 போன்ற பப்பாளி ரகங்களைக் கொண்டுவந்தது. பழமாகப் பழுத்த பிறகு பால் வற்றிவிடும், ஆகவே மட்டனுக்குக் காய்தான் சரி. உங்கள் ஆட்கள் கொதிக்கிற குழம்பில் துண்டைப் போடுகிறார்கள் என்றால் கொஞ்ச நேரத்தில் நொதி செயலிழந்துவிடும். காயைத் தோலோடு அரைத்து, அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால் கறியில் பிசறி வைப்பதுதான் முறை. அதிக நேரம் ஊறவிட்டால் கறி மெத்தென்று இல்லாமல் மாவாகிவிடும், உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

அன்னாசியில் புரோமிலேன். நீங்கள் அதைத் தின்கையில் அது உங்கள் நாக்கின் மேல்தோலைத் தின்கிறது, கூடவே ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் குத்துகின்றன. கேசரியில் போட்டு வேகவைத்த அன்னாசி நாக்கை அரிக்கிறதா பாருங்கள், மிகவும் குறைந்திருக்கும்.

கேள்வி: தம்பிக்கு 31 வயது, கணைய அழற்சி என்று ஆஸ்பத்திரியில் இருக்கிறான். “கணையத்தைக் கணையமே தின்கிறது” என்றார் டாக்டர். புரியவில்லை, பயமாக இருக்கிறது. — அக்கா, தூத்துக்குடி

பதில்: டாக்டர் சொன்னது உண்மைதான், விளக்கியிருக்கலாம். கணையம், புரதத்தை வெட்டுகிற டிரிப்சின் என்ற நொதியை டிரிப்சினோஜன் என்ற தூங்கும் நிலையில்தான் அனுப்புகிறது. சிறுகுடலின் தொடக்கத்தில் இருக்கிற என்டிரோகைனேஸ் என்ற நொதி அதை எழுப்ப வேண்டும், எழுந்த டிரிப்சின் மற்ற நொதிகளை எழுப்பும். பித்தக்கல் வந்து கணையக் குழாயின் வாயை அடைத்தாலோ, மது அந்தச் செல்களைக் கெடுத்தாலோ, குடலுக்குப் போவதற்கு முன்னாலேயே, கணையத்துக்குள்ளேயே அவை எழுந்துகொள்கின்றன. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவுகிற அந்த வலி அதனால்தான். ரத்தத்தில் அமிலேஸ், லிப்பேஸ் பார்த்திருப்பார்கள். இயல்பின் மேல்வரம்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் போனால் இந்த நோயைச் சந்தேகிப்பார்கள். அந்த எண் இறங்குகிறதா என்று தினமும் கேட்டு நர்ஸைத் தொந்தரவு செய்யாதீர்கள் சகோதரி. குணமாவதை அளக்க அது சரியான அளவுகோல் அல்ல. வலி, காய்ச்சல், சிறுநீர் அளவு, மூச்சு, இவற்றைக் கேளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு லேசாக வந்து ஒரு வாரத்தில் சரியாகிவிடுகிறது.

தம்பி குடிப்பவன் என்றால் இனி ஒரு சொட்டும் கூடாது, ‘பீர் மட்டும்’ என்பதும் கூடாது. குடிக்காதவன், கல்லும் இல்லை என்றால் இன்னொரு விஷயத்தை மருத்துவரிடம் கேளுங்கள். தென்னிந்தியாவில், குறிப்பாகக் கேரளத்தில், மதுவே தொடாத இளைஞர்களுக்குக் கணையத்தில் கல் விழுந்து, பிறகு நீரிழிவும் வருகிற ஒரு வகை உண்டு. 1960-களில் டாக்டர் பி.ஜே. கீவர்கீஸ் அதை விரிவாகப் பதிவு செய்தார். மரவள்ளிக்கிழங்குதான் காரணம் என்று ரொம்ப நாள் சந்தேகித்தார்கள், ஆதாரம் நிற்கவில்லை. டிரிப்சின் தவறி எழுந்தால் அடக்குகிற ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் குறை உள்ளவர்கள் இந்த நோயாளிகளில் கணிசமாக இருப்பது பின்னால் தெரியவந்தது. அப்படிப்பட்டவர்களுக்கும், கணையம் நாள்பட்டுச் சுருங்கிப்போனவர்களுக்கும் நொதி மாத்திரை உண்மையிலேயே வேண்டும். அது மேலே சொன்ன சிரப் இல்லை, அமிலத்தில் கரையாத உறை போட்ட கேப்ஸ்யூல், பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது. முதல் வாய்ச் சோற்றோடு விழுங்க வேண்டும், சாப்பிட்டு முடித்து அரைமணி கழித்துப் போட்டால் காசுக்குத்தான் கேடு. மெல்லவும் கூடாது.

கேள்வி: ஏழு மாதக் குழந்தைக்கு முளைகட்டிய ராகியா, சாதா ராகியா? மாமியார் ஒன்று சொல்கிறார், அம்மா ஒன்று சொல்கிறார். — இளம் தாய், தர்மபுரி

பதில்: முளைகட்டியது என்று யார் சொன்னாரோ அவர் ஜெயித்தார். பிறந்த குழந்தையின் கணையத்தில் அமிலேஸ் மிகக் குறைவு. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் என்பதற்கு இருக்கிற பல காரணங்களோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம், தாய்ப்பாலிலேயே அமிலேஸும் லிப்பேஸும் வருகின்றன. முளைவிடும் ராகி தன் மாவை உடைக்கத் தானே அமிலேஸ் தயாரிக்கிறது. கெட்டியான கூழை இறக்கிக் கொஞ்சம் சூடு தணிந்ததும், முளைகட்டிய மாவு ஒரு டீஸ்பூன் போட்டுக் கலக்குங்கள். கரண்டியில் நின்ற கூழ் சில நிமிடத்தில் உங்கள் கண்முன்னாலேயே இளகி ஓடும். பிறகு மறுபடி ஒரு கொதி விட்டு இறக்கிவிடுங்கள். தண்ணீர் ஊற்றி நீர்க்கவைக்காமலே குழந்தை விழுங்கும் பதம் வந்துவிடுவதால், அந்தச் சின்ன வயிற்றில் அதே அளவு கூழில் கூடுதல் சத்து போகும். முளைகட்டிய ராகியை நிழலில் உலர்த்தி லேசாக மட்டும் வறுங்கள், கருக வறுத்தால் நொதி போய்விடும்.

கேள்வி: கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்டால் சபையில் உட்கார முடியவில்லை. — பெயர் வேண்டாம், மயிலாப்பூர்

பதில்: நவராத்திரி முடிந்து எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. கடலை, பயறுகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கிற நொதி மனிதக் குடலில் யாருக்குமே கிடையாது, பெருங்குடல் பாக்டீரியாவுக்குத்தான் அது விருந்து. இரவு ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள், முளைகட்டினால் இன்னும் குறையும்.

கேள்வி: விருந்துக்குப் பிறகு வெற்றிலை போடுவது செரிமானத்துக்கா, சம்பிரதாயத்துக்கா? — வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டுக்கும். மென்றால் உமிழ்நீர் ஊறும், அமிலேஸும் கூடவே வரும், அது வெற்றிலைக்கு மட்டும் உள்ள பெருமை இல்லை, சோம்பு மென்றாலும் ஊறும். மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிகளுக்கு இஞ்சி, சீரகம், மிளகின் பைப்பரின் போன்றவற்றைக் கொடுத்துப் பார்த்தபோது கணைய, குடல் நொதிகளின் வேலை கூடியது. எலிக்கு நடந்தது நமக்கும் அதே அளவில் நடக்கும் என்று நான் எழுதமாட்டேன், ஆனால் ரசத்தில் மிளகு சீரகம் தட்டிப் போட்டவர்களுக்கு இது ஆறுதல். வெற்றிலையில் பாக்கு சேர்ந்தால் கதை மாறுகிறது. பாக்கு தனியாகவே வாய்ப் புற்றுநோய் வரவழைப்பது, புகையிலை சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சாப்பாடு செரிக்க வேண்டுமென்றால் தாம்பூலத் தட்டில் வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டு பாக்கைத் தட்டிலேயே விட்டுவிடுங்கள்.